மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த சீடி

மகளுக்குக் கொடுத்த வீட்டை மகன் திருப்பிக் கேட்பது எங்கள் ஊரில் இல்லாத வேலை. கல்முனைக்குடியில் ஆண் பிள்ளை பிறந்தால் அவன் இன்னொருத்தியின் வீடு வளவுக்குப் போகிறவன். பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் அந்தக் கிழமையே செங்கல் விலை விசாரிப்பான். என் கூடப்பிறந்த மூத்தவர், கச்சிமுகம்மது காக்காவும் அப்படித்தான் விசாரித்தார். சுனாமியில் கடல் வந்தபோது பாதி வீடு போனது. அடுத்த வருசமே மிச்சத்தோடு சேர்த்துக் கட்டி முடித்து, அந்த வீட்டிலேயே மகள் ஜெனூபாவுக்கு நிக்காஹ் செய்து வைத்தார். வளவின் பழைய உறுதிப் பத்திரம் கடலோடு போய்விட்டது. புது உறுதி எழுதக் காணிக் கந்தோருக்கு நடந்தார், நடந்தார், எழுதாமலே மவுத்தானார். அதற்காக அவரும் கவலைப்படவில்லை, நாங்களும் கவலைப்படவில்லை. நிக்காஹ் சபையில், ஊர் கேட்க, "இந்த வீடும் வளவும் என் மகளுக்கு" என்று வாய் திறந்து சொன்னவர் அவர். அந்தச் சொல்லுக்கு மேல் எங்களுக்கு என்ன உறுதி?

அந்தச் சொல்லைத்தான் முஸ்தாக் இல்லை என்றான்.

முஸ்தாக் ஜெனூபாவுக்கு ஒரே தம்பி. கத்தாரில் பல வருசம் இருந்துவிட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்து, சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டில் இருந்தான். தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் ராத்தாவின் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பாரை மீன் ஆணம், முருங்கைக்காய்ப் பால்கறி, மாங்காய்ச் சம்பல். தம்பிக்கென்று ஜெனூபா மீன் தலையைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அவன் அந்தத் தலையை மிச்சமில்லாமல் உறிஞ்சித் தின்றான். கை கழுவித் துவாயில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"ராத்தா, கோவிக்கப்படா. இந்த வளவப் பத்திக் கொஞ்சம் கதைக்கணும்."

"வளவில என்னத்தக் கதைக்க இரிக்கி?"

"ரோட்டுப் பக்கத்த எனக்குத் தாங்க. ஒடச்சிட்டுக் கடை கட்டப்போறன். பின் பக்கம் நீங்க இரிங்க, நான் ஒண்டும் சொல்லல்ல."

ஜெனூபா ஆணச் சட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மூடி கையிலேயே நின்றது.

"உனக்கு வெயில் கியில் பட்டுட்டா தம்பி? இது எண்ட ஊடு. வாப்பா எனக்குத் தந்த ஊடு."

"தந்தாரெண்டு ஆரு சொன்ன? உறுதி இரிக்கா?"

"சபையில சொன்னாரேடா!"

"நான் கேக்கல்ல. நான் அப்ப சின்னப் பொடியன். நிக்காஹ் நடக்கக்குள்ள வெளியில புரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில நிண்டன். வாப்பா சொன்னாரோ, சொல்லல்லையோ, எனக்குத் தெரியா. குடுத்ததுக்கு அத்தாட்சி இல்லெண்டா அது மவுத்தானவர்ர சொத்து. பங்கு வெக்கணும். ஆணுக்கு ரெண்டு, பொண்ணுக்கு ஒண்டு. இது நான் போட்ட சட்டமில்ல. அதப் பாத்தா நான் கொறச்சித்தான் கேக்கன்."

அந்தச் சபையில் காக்காவுக்கு அடுத்துக் குந்தியிருந்தவன் நான். "முஸ்தாக், உண்ட வாப்பா சொன்னத்த நான் எண்ட காதால கேட்டன்" என்றேன்.

"நீங்க கேட்டிரிப்பீங்க சாச்சா. ஆனா நீங்க ராத்தாட பக்கம். இந்த வயசில உங்கட காதப் பள்ளிவாசல்ல ஆரு நம்புற?"

எங்கள் குடும்பத்தில் என் முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கதைத்ததில்லை. நான் எழும்பிக் கையைக் கழுவினேன். பாதிச் சோறு பீங்கானில் கிடந்தது.

இவ்வளவுக்கும் ஜெனூபாவின் புருசன் றிபாத் தலை நிமிரவில்லை. அட்டாளைச்சேனைக்காரன். வேளாண்மை செய்கிறவன். கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவன் சத்தமாகச் சிரித்து நான் கண்டதில்லை. மீன் முள்ளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பீங்கான் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, வாயத் தொறந்து ஒரு கதை சொல்லுங்களன்" என்றாள் ஜெனூபா.

"ஊடு உங்கட. தம்பி உங்கட. எனக்கென்ன கதை?" என்றான்.

ஜெனூபா மூடியைச் சட்டியில் அறைந்தாள். "சரி. ஆரும் ஒண்டும் கதைக்க வாணா. கல்யாண சீடி இரிக்கி. பள்ளிக்காரரக் கூட்டிட்டு வா. வாப்பாட வாயால கேளு."

முஸ்தாக் சிரித்தான். "நல்லம். வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பொறகு தலைவரக் கூட்டிட்டு வாறன். அதில இரிந்தா நான் வாயப் பொத்திட்டுப் போறன். இல்லாட்டி பொறகு மதில் ஒடைக்க ஆள் வரும்."

அந்தச் சீடிகள் எங்கே இருந்தன என்பது அந்த வீட்டுக்குள் ஒருமுறை வந்தவர்களுக்கும் தெரியும். மண்டபத்தில், கிழக்குப் பார்த்த யன்னலுக்கு எதிரே கண்ணாடி அலுமாரி. அதில் கல்யாணப் படம், மக்காவிலிருந்து வந்த தஸ்பீஹ், தங்க விளிம்பு வைத்த கோப்பைகள், அவற்றுக்கு நடுவே மூன்று சீடிகள். உறையிலிருந்து எடுத்து, பீங்கான் நிறுத்தி வைக்கும் மரத் தாங்கிகளில், மினுங்கும் பக்கம் வெளியே தெரிய நிறுத்தியிருந்தார்கள். வாங்கியபோது நீலமும் பச்சையும் கலந்த நிறம். காலையில் யன்னலால் வெயில் விழும், பின்னேரம் அலுமாரிக்குள் ஒரு லைட் எரியும். வருகிற பெண்கள் எல்லாம், "இது என்னகா, இவ்வளவு வடிவாயிரிக்கி" என்று கேட்டுவிட்டுத்தான் குந்துவார்கள். போட்டுப் பார்ப்பதை நிறுத்திப் பல வருசம். பார்க்கிற மெசினும் உடைந்து போனது. ஆனால் சீடி நின்றது. அது நிற்பதே ஒரு மதிப்பு.

மறுநாள் ஜெனூபா அவற்றைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டாள். நானும் அவளும் பாண்டிருப்புக்குப் போனோம். அந்தக் கல்யாணத்தை வீடியோ எடுத்த செல்லத்தம்பியின் கடை அங்கேதான். இப்போது அடையாள அட்டைப் படமும் போன் கவரும்தான் அவனுக்குச் சீவியம். நல்ல வாய்க்காரன், எவருக்கும் பணியாதவன். எங்களைக் கண்டதும் "வாங்க காக்கா" என்றான். துவாயை அவிழ்த்ததும் முகம் மாறியது. ஒன்றை எடுத்து ரியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். மெசினில் போடவே இல்லை.

"இத ஆர் வெளிச்சத்தில நிப்பாட்டி வெச்சது?"

"நான்தான்" என்றாள் ஜெனூபா.

"வெயில் பட்டிருக்கு."

"வெயில் படாம வெக்க இது என்ன மருந்துப் போத்தலா? வடிவாயிரிந்த, வெச்சன்."

"இஞ்ச பாருங்க தங்கச்சி." அவன் சீடியின் அடி ஓரத்தைக் காட்டினான். மரத் தாங்கி மறைத்திருந்த இடத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு கீற்று நீலப் பச்சையாகக் கிடந்தது. மிச்சம் முழுவதும் வெளிறி, கழுவின தகரம் மாதிரி இருந்தது. நாங்கள் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. தினமும் பார்க்கிற ஒன்று மெல்ல மெல்ல வெளிறினால் யாருக்குத் தெரியும்?

"இந்தக் கீத்துத்தான் முந்தி இருந்த நிறம். மத்ததெல்லாம் போயிட்டு."

"நிறம் போனாப் போகட்டும். படம் இரிக்கிதானே?"

"படம் எங்க இருக்கெண்டு நினைக்கிறீங்க? அந்த நிறத்துக்குள்ளதான் இருக்கு. அது மை. மெசின் மையில சுட்டுச் சுட்டுத்தான் எழுதுற. மை போனா எழுத்தும் போயிட்டு."

என்றாலும் போட்டுப் பார் என்றேன். போட்டான். மெசின் உர்ரென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது, வெளியே தள்ளியது. மூன்றுக்கும் அதே கதை.

"செல்லத்தம்பி" என்றேன், "நூறு வருசம் கிடக்குமெண்டு நீதானே சொன்ன?"

"பெட்டியில போட்டிருந்துது காக்கா, நான் வாசிச்சதச் சொன்னன். பெட்டி அடிச்சவன் நூறு வருசம் பொறுத்துப் பாத்திட்டா அடிச்சவன்?"

"கள்ளச் சாமான் தந்திட்டு என்னோட பகிடியா விடுறாய்?"

அவன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். "ஆர் கள்ளச் சாமான் தந்த? சொல்லுங்க! அண்டைக்கு என்ன நடந்தெண்டு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கொழும்பில இருந்து ரெண்டு விதம் வந்துது. ஒண்டு இந்த நீலப் பச்சை. மத்தது வெளிறினது, லேசான பொன் நிறம், பாத்தா மை பூசாத மாதிரி. ரெண்டு செட் அடிச்சன், பொண்ணு வீட்டுக்கு ஒண்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்டு. இந்த மேசையிலதான் வெச்சன். இந்தத் தங்கச்சிட உம்மா ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, நிறமானத எடுத்து மடியில வெச்சிட்டு, 'அந்தக் கழுவினத அவங்களுக்குக் குடு' எண்டவ. நீங்க பக்கத்தில நிண்டு ஓம் எண்டு தலையாட்டினது."

எடுத்தது ஜெனூபாவின் உம்மா. பக்கத்தில் நின்றது நான். செலவு முழுவதும் பெண் வீட்டுச் செலவு. நல்லதைப் பெண் வீடு எடுத்தது. இதில் எவனும் பிழை காண முடியாது. அதை அவனிடமும் சொன்னேன்.

"நல்லதா?" செல்லத்தம்பி கையை விரித்தான். "இந்த நீலப் பச்சை மை எழுதுறதுக்கு லேசு. எந்த ஓட்டை மெசினிலயும் எழுதலாம். ஆனா வெளிச்சத்துக்கு நிக்காது. அந்த வெளிறின மை இருக்கே, அது எழுதக்குள்ள கரைச்சல் பிடிச்ச வேலை. வேகத்தக் கூட்டினாப் பிழைக்கும், நான் எத்தினையப் பழுதாக்கி எறிஞ்சன். ஆனா ஒருக்கா ஒழுங்கா எழுதிட்டா வெயில் வந்தாலும் அசையாது. கடும் நீலம் எண்டு இன்னொண்டும் இருக்கு, அதுவும் நிக்கும். உங்கட இது அந்த மை இல்ல."

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?"

"அண்டைக்கு எனக்கென்ன தெரியும்? எனக்கும் நிறம்தான் கண்ணுக்குப் பட்டுது. ஊர் முழுக்க வந்து என்னை ஏசி ஏசித்தான் எது நிக்கும், எது நிக்காதெண்டு தெரிய வந்தது. இண்டைக்கு நீங்க வந்து ஏசுறீங்க. வீடியோ எடுத்த டேப்பக் கேக்காதீங்க. அடுத்த கல்யாணத்துக்கு அதுலதான் திருப்பி எடுத்தன். மாப்பிள்ளை வீட்டுச் செட் இருக்கா? இருந்தாக் கொண்டாங்க. இல்லாட்டி எனக்கு வேலை இருக்கு."

ஜெனூபா சீடிகளைத் துவாயில் சுற்றினாள். அந்தச் செட்டின் கதை அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். றிபாத்தின் உம்மா அதை வாங்கிக்கொண்டுபோய் அட்டாளைச்சேனை முழுக்கக் காட்டினாள், "கழுவின சீடி தந்திரிக்காங்க, நாங்க அவ்வளவுதான் பெறுமதி" என்று. மகனைப் பார்க்க இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அலுமாரிக்கு முன்னால்தான் குந்துவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருசம் அவள் மவுத்தானபோது அவளுடைய சாமான்கள் ஒரு பெட்டியில் றிபாத்துக்கு வந்தன. அந்தச் சீடியும் அதற்குள் வந்தது.

வீடு வந்ததும் ஜெனூபா எங்கள் சீடிகளைப் பழையபடி அலுமாரியில் நிறுத்தினாள். பின்னேரம் றிபாத் வயல் வட்டையிலிருந்து வந்து கிணற்றடியில் காலில் சேறு கழுவிக்கொண்டிருந்தான். வாடைக்காற்று. சேறு தோலில் காய்ந்து ஒட்டியிருந்தது, கல்லால் தேய்த்தான். ஜெனூபா வாசலில் நின்று கேட்டாள்.

"மாமிட பெட்டிக்குள்ள இரிந்த சீடி எங்க?"

"ஏன்? உங்கட வடிவான சீடிக்கு என்ன?"

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்க."

"வட்டையில தொங்குது."

"என்ன?"

"கிளிக்குக் கட்டினன். கதிர் முத்தினா கிளி வருதெண்டு தெரியாதா? முதல்ல பழைய கெசட்டு நாடாக் கட்டினன், ஒரு கிழமைக்குமேல கிளி அதுக்குப் பயப்படல்ல. சீடியக் கட்டினன். வெயிலுக்கு மினுங்குது, பயப்படுது."

"கல்யாண சீடியையாங்க கட்டின?"

"கல்யாண சீடி இஞ்ச அலுமாரியிலதானே நிக்கி" என்றான் றிபாத். "அது ஒண்டுமில்லாத சீடி. கழுவினது. உங்கட உம்மா சொன்னவ."

அவள் கத்தினாள். புருசனுக்கு முன்னால் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வீடு போகப்போகிறது, பிள்ளைகளை எங்கே வைப்பது, தன் கையாலே குடியைக் கெடுத்த மனிசன் என்று. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மற்றக் காலையும் கழுவினான். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எனக்கு நேரே திரும்பினான்.

"சாச்சா, அது மார்கழி முழுக்க மழையில கிடந்தது. தை முழுக்க வெயில்ல கிடக்கு. அதுல படம் இரிக்கா இல்லையா, எனக்குத் தெரியா. இரிந்தா நான் கழட்டித் தருவன். ஆனா சும்மா தர மாட்டன். எண்ட உம்மாக்குக் கொறஞ்சதக் குடுத்தம் எண்டு உங்கட ஆக்களில மூத்தவர் சொல்லணும். நீங்கதான் மூத்தவர். வட்டைக்கு வந்து, சீடிக்கு முன்னுக்கு நிண்டு சொல்லணும்."

"இந்த ஊடு போனா நீயும்தான் தெருவில" என்றேன்.

"நான் எண்டைக்கு உள்ளுக்கு இரிந்தன்?" என்றான்.

மறுநாள் காலை ஓட்டோவில் நானும் ஜெனூபாவும் வட்டைக்குப் போனோம். பனி இன்னும் கதிரில் இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சள். வேளாண்மை அந்த வருசம் நன்றாகத்தான் விளைந்திருந்தது. வெட்டு மெசின் அடுத்த கிழமை வருவதாக இருந்தது. கிளிகள் கூட்டமாக வந்து அடுத்தவன் வயலில் இறங்கின, றிபாத்தின் வயலுக்கு மேலே வந்ததும் கலைந்து மேற்கே போயின. அவன் காவல் வாடிக்குள் பால் போடாத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டு எழும்பவில்லை.

வயல் ஓரத்து வரம்பில் இரண்டு கம்புகள். ஒவ்வொன்றிலும் இரண்டு சீடிகளை முதுகுக்கு முதுகு சேர்த்து, மீன் பிடிக்கிற தங்கூசி நூலால் நடு ஓட்டையில் இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மினுங்க வேண்டுமென்று அப்படிக் கட்டுவது எங்கள் வழக்கம். மூன்று கல்யாண சீடி, நான்காவது ஏதோ சினிமாப் பாட்டு. காற்றுக்குச் சுழன்று சுழன்று முகத்தில் வெளிச்சம் அடித்தன.

நான் வரம்பில் நின்றேன். ஜெனூபா என்னைப் பார்த்தாள். றிபாத் வாடி வாசலுக்கு வந்து நின்றான், கையில் கதிர் அறுக்கிற தாக்கத்தி.

"சொல்லுங்க சாச்சா" என்றாள் அவள், மெதுவாக.

"என்னத்தச் சொல்ல?"

"ஒரு சொல்லுத்தானே."

"சொல்லுத்தான். எங்கட ஊட்டு மனிசர் தெரிஞ்சி செஞ்ச ஒரு காரியத்தப் பிழையெண்டு சொல்லி, மவுத்தாப்போன ரெண்டு பொம்புளையளையும் இந்த வரம்பில நிப்பாட்டச் சொல்றான். உண்ட உம்மாட மையித்தத் தூக்கினவன் நான். என்னால ஏலா."

"அப்ப ஊடு போகட்டுமா?"

"போனாக் கட்டுவம்."

"ஆரு கட்டுற? நீங்களா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, கம்பின் கீழே போய் நின்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"கேளுங்க" என்றாள் புருசனிடம். "எண்ட மாமிக்குக் கொறஞ்சதத்தான் குடுத்தம். தெரியாம இல்ல, வேணுமெண்டுதான் குடுத்தம். எண்ட உம்மாதான் தெரிஞ்செடுத்த. சாச்சா தலையாட்டின. எடுத்துக்கொண்டு வந்து காட்டக்குள்ள நான் சிரிச்ச. போதுமா? இன்னும் சத்தமாச் சொல்லவா? கிளிக்கும் கேக்கட்டும்."

 றிபாத் வரம்பில் இறங்கி வந்து தாக்கத்தியால் நூலை அறுத்தான். சீடிகளை உடுத்த சாரத்தில் துடைக்கப் போனவன், துடைக்காமல் நிறுத்தி, அவள் கையில் வைத்தான்.

"உம்மா உசிரோட இரிந்து கேக்கக்குள்ள சொல்லியிரிக்கலாம்" என்றான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து முஸ்தாக் வந்தான். பள்ளித் தலைவரும் பள்ளி நிர்வாகத்து நம்பிக்கையாளர் ஒருவரும் கூட வந்தார்கள். செல்லத்தம்பி பழைய கொம்பியூட்டர் ஒன்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு முன்னமே வந்து, "இதுக்கும் என்னத்தான் ஏசப்போறீங்க" என்று சொல்லிக்கொண்டே வயரைப் பூட்டிக்கொண்டிருந்தான். ஜெனூபா எல்லோருக்கும் பிளேன்டி கொடுத்தாள். முஸ்தாக்குக்கும் கொடுத்தாள், சீனி போடாமல்.

செல்லத்தம்பி மார்க்கரில் ஒன்று என்று எழுதியிருந்த சீடியை எடுத்தான். கீறல் விழுந்து, புழுதி படிந்து, ஓரத்தில் மேல் பூச்சு கொஞ்சம் உரிந்திருந்தது. பல் விளக்குகிற பேஸ்ட்டைப் பஞ்சுத் துணியில் எடுத்து, நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே என்று நேராக இழுத்துத் தேய்த்தான். வட்டமாகத் தேய்த்தால் கெட்டுப் போகுமாம். கழுவித் துடைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தான்.

"பொன் நிறம் அப்பிடியே கிடக்கு" என்றான். "முதுகோட முதுகு கட்டினபடியா மேல்பக்கம் தப்பியிருக்கு. ஓரம்தான் கழண்டிருக்கு. எழுத்து நடுவில இருந்துதான் தொடங்குற, ஓரம் போனா கடைசிதான் போகும். நிக்காஹ் முதல்ல இருக்கு."

"வயல்ல கிளிக்குக் கட்டின சாமானா?" முஸ்தாக் சிரித்துக்கொண்டு தலைவரைப் பார்த்தான். "இதையா பாக்க வந்த?"

மெசின் சுற்றியது.  கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு திரை வெளுத்து, கட்டம் கட்டமாக ஒரு கூடாரம் வந்தது. சரிகைத் துணி, பாய்கள், தொப்பிகள். படம் விக்கி விக்கி நகர்ந்தது. இதே மண்டபம், சுண்ணாம்பு காயாத சுவர். நடுவில் காக்கா. அவருக்குப் பக்கத்தில் நான், கறுத்த தாடியோடு. எதிரே இளந்தாரி றிபாத், வேர்த்த முகம்.

காக்கா வாயைத் திறந்தார். சத்தம் ஒருமுறை கிழிந்து, பிறகு தெளிவாக வந்தது.

"சபையில இரிக்கிற எல்லாரும் கேளுங்க. இந்த ஊட்டையும் வளவையும் எண்ட மகள் ஜெனூபாக்கு நான் குடுத்திட்டன். இண்டையிலிருந்து இதில எனக்கோ எண்ட மத்தப் பிள்ளைக்கோ ஒரு பாத்தியதையும் இல்ல. அல்லாஹ் சாட்சி."

"நிப்பாட்டு" என்றார் தலைவர். "திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டான். இரண்டாவது முறை ஒருவரும் காக்காவைப் பார்க்கவில்லை. அவருடைய வாய்க்கு நேரே மைக் ஒன்று நீண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த கை ஒல்லியாக, புது மணிக்கூடு கட்டியிருந்தது. கமெரா கொஞ்சம் விலகியபோது முகமும் வந்தது. மீசை அரும்பின முஸ்தாக். மைக் ஆடிவிடக் கூடாதென்று மற்றக் கையால் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்து, வாப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முஸ்தாக்" என்றார் தலைவர், "புரியாணிச் சட்டி எங்க? நான் காணல்ல."

நம்பிக்கையாளர் பிளேன்டிக் கோப்பைக்குள் இருமினார். முஸ்தாக் எழும்பினான். காது மடல் சிவந்திருந்தது.

"ஊட்ட வெச்சிக்கொள்ளுங்க ராத்தா. ஆனா இனி என்னைச் சாப்பிடக் கூப்பிடாதீங்க."

"மீன் தல தந்துதான் கூப்பிட்டன்" என்றாள் ஜெனூபா. "தெரிஞ்சிரிந்தா முள்ளத் தந்திரிப்பன்."

அவன் செருப்பைப் போட்டானோ, கையில் எடுத்துக்கொண்டு போனானோ, கவனிக்கவில்லை. வாசல் படலை அடித்துச் சாத்திய சத்தம் மட்டும் கேட்டது. தலைவரும் மற்றவரும் தங்கள் போன்களைக் கொடுத்தார்கள். செல்லத்தம்பி அந்தத் துண்டை அவற்றில் ஏற்றிக் கொடுத்தான்.

அவர்கள் போன பிறகும் படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை. கமெரா பெண்கள் பக்கம் போனது. பட்டும் பூவும் பேச்சும். ஒரு மூலையில், எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல், வெள்ளை முக்காடு போட்ட ஒரு மனிசி தனியே குந்தியிருந்தாள். றிபாத்தின் உம்மா. செல்லத்தம்பி நிறுத்தக் கையை நீட்டினான்.

"உடுங்க. ஓடட்டும்" என்றான் றிபாத்.

அவள் கமெராவைக் கண்டு வெட்கப்பட்டு முக்காட்டைச் சரிசெய்தாள். சிரிக்கப்போனாள். படம் கட்டங்களாக உடைந்து அப்படியே நின்றது. ஓரம் வந்துவிட்டது. செல்லத்தம்பி என்ன செய்தும் அதற்கு மேல் போகவில்லை. றிபாத் சீடியைக் கேட்டு வாங்கி, உறையில் போட்டுத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.  

சனிக்கிழமை காலை நான் அங்கே போனபோது அவள் கண்ணாடி அலுமாரியைத் திறந்து வைத்திருந்தாள். எங்கள் செட்டின் மூன்று சீடியையும் தாங்கியிலிருந்து எடுத்தாள். மரத்தில் மூன்று பிறை மாதிரித் தூசி இல்லாத இடம் தெரிந்தது. புருசனின் சைக்கிள் வாசலில் நின்றது, அவன் வட்டைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அவள் சீடிகளை அவனிடம் நீட்டினாள்.

"மெசின் வரும் மட்டும் கிளிக்கு என்ன செய்யப்போறீங்க? இதக் கட்டுங்க."

அவன் வாங்கவில்லை. என்னைப் பார்த்தான். "மூத்தவர் ஓம் எண்டாரா?"

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரம்பில் நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை. சீடிகளை அவள் கையிலிருந்து நானே வாங்கி, அவனுடைய சைக்கிள் கூடைக்குள் வைத்தேன்.

"பொண்ணு ஊட்டுச் சாமான்" என்றேன். "வரம்போரத்தில தொங்க உடாத. நடு வயல்ல கட்டு."